கப்பலும் கரையும் தொடும் இடம்: நார்வே கடற்பாதையும் நடமாட்டம் குறைந்த பயணிகளும்

வடஐரோப்பாவின் கடற்பயணங்களுள் நார்வே நாட்டின் மேற்குக் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கே செல்லும் பயணமே இயற்கைக் காட்சிக்காக நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. முதுமையாலோ நோயாலோ விபத்தாலோ கால்களின் வலுவை இழந்து, ஊன்றுகோலையும் சக்கர நாற்காலியையும் துணையாகக் கொண்டவர்கள் இப்பயணத்தைத் தேர்ந்தெடுப்பது இன்று பரவலாகிவிட்டது. கப்பல் நிறுவனங்களின் விளம்பரங்கள் இதற்கு ஓரளவு காரணமாக இருக்கலாம். ஆயினும் அக்கரையின் நில அமைப்பும், அங்கு அஞ்சலையும் மீனையும் நோயாளிகளையும் ஏற்றிச் சென்ற நீராவிக் கப்பல்களின் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறும் தந்த காரணங்கள் அவற்றினும் ஆழமானவை. மலையும் அருவியும் கப்பலில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணெதிரே தாமாக வந்துவிடுகின்றன; கப்பலைவிட்டுக் கரையில் கால் வைக்கும் அந்தப் பத்துப் பதினைந்து அடித் தொலைவுதான் காலந்தோறும் தடையாக இருந்துவந்திருக்கிறது. அத்தொலைவு எவ்வாறு எளிதானது, எங்கே இன்னும் எளிதாகவில்லை என்பதை அறிந்தவரே தமக்கேற்ற பயணத்தைத் தெரிந்தெடுக்க முடியும்.

நில அமைப்பிலிருந்து தொடங்குவது பொருத்தம். பனியூழிக் காலங்களில் மலைகளினின்று இறங்கிய பனியாறுகள் பாறையை ஆழமாகக் குடைந்து பள்ளத்தாக்குகளை உண்டாக்க, பனி உருகியபின் அவற்றுள் கடல் புகுந்து நின்ற நீண்ட, குறுகிய நீர்வழிகளுக்கு ஃபியோர்டு என்று பெயர். நார்வேயில் அவற்றுள் மிக நீளமானதாகிய சொக்னே ஃபியோர்டு உள்நாட்டுக்குள் 200 கிலோமீட்டருக்கு மேல் நுழைந்து, சில இடங்களில் 1,300 மீட்டர் ஆழமும் கொண்டிருக்கிறது. கரையோரம் ஆழம் குறைந்த கடல்களில் பெரிய கப்பல் கரையைவிட்டு வெகுதூரம் விலகியே செல்லவேண்டியிருக்க, ஃபியோர்டிலோ பாறைச்சுவர் நீருக்கு மேலே எவ்வளவு செங்குத்தாக எழுகிறதோ ஏறத்தாழ அவ்வளவு செங்குத்தாக நீருக்குள்ளும் இறங்குவதால், கப்பல் மலையை உரசுவதுபோல் நெருங்கிச் செல்லலாம். லோஃபோட்டன் தீவுகளுக்கு அருகிலுள்ள ட்ரோல் ஃபியோர்டின் வாய் சுமார் 100 மீட்டர் அகலமே உடையது. இருபுறமும் ஆயிரம் மீட்டர் அளவுக்கு மலைகள் எழுந்து நிற்க, கப்பல் உள்ளே நுழைந்து, தன் நீளத்தைவிடச் சற்றே பெரிதான நீர்ப்பரப்பில் தன்னிடத்திலேயே திரும்பி வெளியே வருகிறது. இக்காட்சிக்கு எந்தக் குன்றின் மீதும் ஏற வேண்டியதில்லை.

இரண்டாவது கொடை, கரைக்கு வெளியே வேலிபோல் நிற்கும் பல்லாயிரம் தீவுகளும் பாறைத்திட்டுகளும் ஆகும். இவற்றுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஓடும் உட்கடல் வழியில் அட்லாண்டிக்கின் அலை பெரும்பாலும் தடுக்கப்படுவதால், நிலையாக நிற்க இயலாதவர்க்கும் கப்பலின் ஆட்டம் தாங்கக்கூடியதாக இருக்கிறது. எனினும் வேலியில் இடைவெளிகள் உண்டு. ஸ்டாட் என்னும் முனை, ஹூஸ்டட்விகா, ஃபோல்டா, வெஸ்ட் ஃபியோர்டு, லோப்ஹாவெட் ஆகிய திறந்த கடற்பகுதிகளில் கப்பல் முழு அலையையும் எதிர்கொள்ள நேர்கிறது. இப்பெயர்கள் மாலுமிகளுக்கு மட்டுமே உரியவையாகத் தோன்றினாலும், ஊன்றுகோலுடன் பயணம் செய்பவர் அறிந்திருக்க வேண்டிய பெயர்களும் இவையே. ஏனெனில் குளிர்காலத்தில் அந்தச் சில மணிநேரங்களைப் படுக்கையிலோ நிலைத்த இருக்கையிலோ கழிப்பதே அறிவுடைமையாகும்.

நீராவிக்கு முற்பட்ட காலத்தில் இந்நாட்டைச் சுற்றிப்பார்ப்பது உடல்வலிமை மிக்கவர்க்கே இயன்றது. தரைவழி செல்பவர், ஊருக்கு ஊர் உழவர்கள் கட்டாயக் கடமையாகத் தந்த குதிரைகளை மாற்றி மாற்றிப் பூட்டி, ஒருவர் மட்டுமே அமரக்கூடிய காரியோல் என்னும் இரு சக்கர வண்டியில் கரடுமுரடான பாதைகளில் குலுங்கிச் சென்றனர். ஃபியோர்டு குறுக்கிட்ட இடத்தில் துடுப்புப் படகுக்கு மாறினர். 1827-இல் நார்வே அரசு இரு நீராவிக் கப்பல்களைத் தென்பகுதியில் ஓடவிட்டதும், 1838-இல் ‘பிரின்ஸ் குஸ்டாவ்’ என்னும் கப்பல் ட்ரோண்ட்ஹைம் நகரிலிருந்து வடக்கே செல்லத் தொடங்கியதும் இந்நிலையை மெல்ல மாற்றின. ஆனால் அக்கப்பல்கள் இருட்டில் செல்லத் துணியவில்லை. மாலையில் நங்கூரமிட்டு, விடிந்தபின் நகர்ந்த அவை, சூரியன் பல வாரங்கள் எழாத வடபகுதியின் குளிர்காலத்தில் பயன்படவில்லை.

இத்தடையைத் தகர்த்த நிகழ்ச்சியே நார்வேயின் கடற்பயண வரலாற்றின் மையம் என்பதால் அதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். 1891-இல் அரசின் நீராவிக்கப்பல் ஆலோசகராக இருந்த ஆகஸ்ட் கிரீக்ஸ்மன் கிரான், ட்ரோண்ட்ஹைமிலிருந்து ஹம்மர்ஃபெஸ்ட் வரை ஆண்டு முழுவதும் இரவும் பகலும் செல்லும் விரைவு வழித்தடம் ஒன்றை முன்மொழிந்தார். பெர்கன், ட்ரோண்ட்ஹைம் நகரங்களிலிருந்த இரு பெரிய கப்பல் நிறுவனங்களும் அதை இயலாதது என்று ஒதுக்கின. அவற்றின் அச்சம் பொய்யானதன்று. அன்று ட்ரோண்ட்ஹைமுக்கு வடக்கே நெடுங்கடற்கரை முழுமைக்கும் 28 கலங்கரை விளக்கங்களும் இரண்டே கடல்வரைபடங்களும் இருந்தன. வெஸ்டரோலன் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஸ்டோக்மார்க்னெஸ் என்னும் சிற்றூரில் 1881-இல் சிறிய கப்பல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்த ரிச்சர்ட் வித் என்னும் கப்பல் தலைவர் மட்டும் இயலும் என்றார். தம் வழிகாட்டி மாலுமியாகிய ஆண்டர்ஸ் ஹோல்டேயுடன் சேர்ந்து அவர் பல ஆண்டுகள் ஒவ்வொரு திருப்பத்திலும் திசைகாட்டியின் கோணத்தையும் கப்பலின் வேகத்தையும் எடுத்த நேரத்தையும் குறிப்பேட்டில் பதிந்து வந்திருந்தார். கண்ணுக்குக் கரை தெரியாதபோதும் திசைகாட்டியும் கடிகாரமும் அக்குறிப்பேடும் போதும் என்பது அவர் நம்பிக்கை. 1893-இல் அரசு அவருடன் நான்கு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது.

அவ்வாண்டு ஜூலை 2-ஆம் நாள் காலை எட்டரை மணிக்கு ‘வெஸ்டரோலன்’ என்னும் நீராவிக்கப்பல் ட்ரோண்ட்ஹைமைவிட்டுப் புறப்பட்டு, ரோர்விக், போடோ, ஸ்வோல்வேர், ட்ரோம்சோ முதலிய ஒன்பது துறைகளைத் தொட்டு, 67 மணி நேரத்தில், ஜூலை 5-ஆம் நாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு ஹம்மர்ஃபெஸ்ட்டை அடைந்தது. அதுவரை இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஒரு கடிதம் கோடையில் மூன்று வாரமும் குளிர்காலத்தில் ஐந்து மாதமும் எடுத்துக்கொண்டது என்பதை நினைத்தால், வடநாட்டு மக்கள் இக்கப்பலை ஏன் அத்தனை உரிமையோடு கொண்டாடினர் என்பது விளங்கும். விரைவு வழித்தடம் என்று பொருள்படும் ‘ஹுர்டிக்ரூட்டன்’ என்ற பெயரே அச்சேவைக்கு நிலைத்தது. மறுத்த இரு நிறுவனங்களும் அடுத்த ஆண்டிலேயே இதில் வந்து சேர்ந்தன. 1898-இல் தெற்கு முனை பெர்கனுக்கு நீண்டது. பிற்காலத்தில் வடக்கு முனை ரஷ்ய எல்லைக்கு அருகிலுள்ள கிர்க்கெனெஸ் ஆயிற்று. 1936-இலிருந்து நாள்தோறும் ஒரு கப்பல் புறப்பட்டது. சாலையில்லாத கரையில் இக்கப்பலே நெடுஞ்சாலையாக இருந்ததால் ‘முதலாம் தேசிய நெடுஞ்சாலை’ என்றும் அதைக் குறிப்பிட்டனர்.

நடமாட்டம் குறைந்தவர்களின் கதை இங்கேயே தொடங்கிவிடுகிறது. இக்கப்பல்களில் ஏறியவர்கள் காட்சி காண வந்தவர்கள் மட்டுமல்லர். நகரத்து மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளிகள், பேறுகாலத்துப் பெண்கள், எலும்பு முறிந்த மீனவர்கள், மகன் வீட்டுக்குப் போகும் முதியவர்கள் ஆகியோருக்கு வேறு வழியே இருக்கவில்லை. அக்காலத்தில் பல ஊர்களில் கப்பல் அணையும் துறைமேடை கிடையாது. கப்பல் நடுநீரில் நிற்க, கரையிலிருந்து துடுப்புப் படகு வந்து பயணியையும் மூட்டையையும் ஏற்றிச் சென்றது. நடக்க இயலாதவர் மூட்டையைப் போலவே ஆட்களின் கைகளால் தூக்கப்பட்டார். அலை எழுந்து படகு உயரும் கணத்தைக் கணித்து ஏணியைப் பிடிக்க வேண்டியிருந்த அந்த மாற்றம், நல்ல கால்கள் உள்ளவரையும் நடுங்க வைத்திருக்கும். இருபதாம் நூற்றாண்டில் ஊர்தோறும் துறைமேடைகள் கட்டப்பட்டதே முதல் பெரிய விடுதலை. அவை மீன்பெட்டிகளுக்காகவும் நிலக்கரிக்காகவும் கட்டப்பட்டவையே என்றாலும், அவற்றின் பயன் ஊன்றுகோல் பிடித்தவருக்கும் கிடைத்தது. இவ்வரலாறு முழுவதிலும் இதே முறை மீண்டும் மீண்டும் தென்படுகிறது: உடற்குறையுடையவரை எண்ணிச் செய்யப்பட்டவை மிகச் சில, சரக்குக்காகச் செய்யப்பட்டதன் நிழலில் அவர் ஒதுங்கிக்கொண்டவை மிகப் பல.

உல்லாசப் பயணம் இதற்கு இணையாகத் தனித்தடத்தில் வளர்ந்தது. 1869-இல் ‘நெரீட்’ என்னும் ஆங்கிலக் கப்பல் கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் வந்தது. 1873-இல் மன்னர் இரண்டாம் ஆஸ்கர் ஐரோப்பாவின் வடகோடி என்று கருதப்பட்ட நார்த் கேப் பாறையில் ஏறினார். 1875-இல் தாமஸ் குக் நிறுவனம் ஒரு குழுவை அங்கே அழைத்துச் சென்றது. 1886-இல் ஸ்காட்லாந்தின் வடகடல் நிறுவனமொன்று தன் ‘செயின்ட் ராங்வால்ட்’ கப்பலை நார்வே ஃபியோர்டுகளுக்கு அனுப்பி, அதற்குக் கிடைத்த வரவேற்பால், மறு ஆண்டே ‘செயின்ட் சன்னிவா’ என்னும் கப்பலை இத்தகைய பயணங்களுக்கென்றே கட்டியது. ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1889 தொடங்கி முதல் உலகப்போர் வரை ஏறத்தாழ ஒவ்வொரு கோடையிலும் தம் அரசக் கப்பலில் இக்கரைக்கு வந்தார். பிறப்பின்போது நேர்ந்த காயத்தால் இடக்கை வலுவிழந்து, அதை வாழ்நாள் முழுவதும் பிறர் கண்ணுக்கு மறைக்க முயன்றவர் அவர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். கப்பலின் மேல்தளத்திலிருந்து மலைகளைக் காணும் பழக்கத்தை ஐரோப்பிய மேல்தட்டினரிடையே அவரளவுக்குப் பரப்பியவர் வேறெவருமில்லை.

மேல்தளத்துக் காட்சி எல்லோருக்கும் பொதுவானது. கரை இறங்கிக் காணும் காட்சி அவ்வாறன்று. இவ்வேறுபாட்டை நார்த் கேப்பைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டும் இடம் வேறில்லை. கடலிலிருந்து 307 மீட்டர் செங்குத்தாக எழும் அப்பாறைக்கு முற்காலத்தில் ஒரே வழிதான் இருந்தது. கப்பல் ஹார்ன்விகா என்னும் சிறுகுடாவில் நங்கூரமிடும். பயணிகள் படகில் இறங்கிக் கரைசேர்ந்து, பாறைச்சரிவில் கயிற்றையும் கம்பியையும் பிடித்தவாறு உச்சிவரை ஏறுவர். நள்ளிரவுச் சூரியனைக் கண்டு மீண்டும் அதே வழியில் இறங்குவர். ஏற இயலாதவர் கப்பலிலேயே தங்கினார். ஹோனிங்ஸ்வோக் ஊரிலிருந்து பாறையின் உச்சிவரை சாலை திறக்கப்பட்டது 1956-இல் தான். அன்று முதல் துறைமேடையில் இறங்கிப் பேருந்தில் அமர்ந்தவர் உச்சியிலேயே இறங்க முடிந்தது. எண்பது ஆண்டுகளாக வலுத்த கால்களுக்கு மட்டுமே வாய்த்திருந்த ஒரு காட்சி, சில மணிநேரப் பேருந்துப் பயணமாக மாறியது. நடமாட்டம் குறைந்தோரின் பயண வரலாற்றில் இதற்கு இணையான ஆண்டு இக்கரையில் வேறில்லை என்று துணிந்து கூறலாம். ஆனால் அச்சாலையும் அவர்களை எண்ணிப் போடப்பட்டதன்று.

இரண்டாம் உலகப்போரில் ஹுர்டிக்ரூட்டன் கப்பல்கள் பல மூழ்கடிக்கப்பட்டன. போருக்குப்பின் கட்டப்பட்ட கப்பல்களுள் ஒன்றாகிய 1956-ஆம் ஆண்டின் ‘ஃபின்மார்க்கன்’ இன்று ஸ்டோக்மார்க்னெஸ் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் நிற்கிறது. அக்காலக் கப்பலொன்றின் உள்ளமைப்பை அறிவது, இன்றைய பயணி எதைக் கேட்டறிய வேண்டும் என்பதற்கும் வழிகாட்டும். தளத்துக்குத் தளம் செங்குத்தான குறுகிய படிக்கட்டுகள், மின்தூக்கி இல்லை, வெளித்தளத்துக்குச் செல்லும் ஒவ்வொரு கதவின் அடியிலும் கடல்நீர் உள்ளே புகாதிருக்க எழுப்பப்பட்ட உயர்ந்த இரும்பு வாசற்படி. இவ்வாசற்படி கப்பல் கட்டுபவரின் விருப்பம் அன்று. கப்பல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதை வரையறுக்கும் 1966-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை, மூடிய மேற்கட்டுமானங்களின் சுவர்முனைக் கதவுகளுக்கு 380 மில்லிமீட்டருக்குக் குறையாத வாசற்படி உயரத்தைப் பொதுவிதியாகக் கொண்டிருக்கிறது. அதாவது முழங்காலை நெருங்கும் உயரம். சக்கர நாற்காலிக்கு அது சுவருக்குச் சமம். அதே உடன்படிக்கை வெளித்தளக் கைப்பிடி வேலி ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. நாற்காலியில் அமர்ந்தவரின் கண்மட்டம் அதைவிடச் சற்றே உயரம் என்பதால், வேலியின் மேல் பதித்த அகலமான மரக்கட்டை அவர் பார்வையின் நடுவே குறுக்கிடுவதும், கம்பி வேலிக்குப் பதிலாக அடைத்த தகட்டுச் சுவர் இருந்தால் கீழ்ப்பாதிக் காட்சி முழுவதும் மறைவதும் உண்டு. கடலில் எல்லோரையும் காப்பதற்கு எழுந்த விதிகளே சிலரை வாசலில் நிறுத்திவைத்தன என்பது வருந்தத்தக்க உண்மை. 1964-இல் கட்டப்பட்டு 2020 வரை இத்தடத்தில் ஓடிய ‘லோஃபோட்டன்’ கப்பலில் கடைசிவரை மின்தூக்கி இருக்கவில்லை. பழமையின் அழகுக்காக அதை விரும்பியோர் பலர், எனினும் படியேற இயலாதவர்க்கு அக்கப்பல் உரியதாக இல்லை.

மாற்றம் 1980-களில் சரக்கின் வழியாகவே வந்தது. அதுவரை பாரந்தூக்கியால் மேலிருந்து இறக்கப்பட்ட பெட்டிகளை, 1982, 1983-ஆம் ஆண்டுகளில் வந்த மூன்று புதிய கப்பல்களில், விலாப்புறத்தில் திறக்கும் அகன்ற கதவின் வழியாகக் கவைத்தூக்கி வண்டிகள் நேரே துறைமேடைக்குக் கொண்டுசென்றன. சக்கரமுள்ள வண்டி எளிதாகச் செல்லும் வழியில் சக்கரமுள்ள நாற்காலியும் செல்லும். விமானமும் சாலையும் உள்ளூர்ப் பயணிகளையும் அஞ்சலையும் பிடித்துக்கொண்ட அதே காலத்தில், சேவை நிலைக்க வேண்டுமானால் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணியை நம்பவேண்டும் என்ற நிலையும் உருவாயிற்று. அதன் விளைவாக 1993 முதல் 1997 வரை ‘கோங் ஹரால்ட்’, ‘ரிச்சர்ட் வித்’, ‘நோர்ட்லிஸ்’, ‘போலார்லிஸ்’, ‘நோர்ட்காப்’, ‘நோர்ட்நோர்கே’ என ஆறு கப்பல்கள் வந்தன. சுமார் 120 மீட்டர் நீளமுள்ள இவற்றில் தளங்களை இணைக்கும் மின்தூக்கிகளும், அகன்ற கதவும் படியில்லாக் குளியலறையும் கொண்ட சில அறைகளும், மேல்தளத்தில் பெரிய சாளரங்களோடு கூடிய காட்சிக்கூடமும் அமைந்தன. காட்சிக்கூடத்தின் சாளரம் தரையை நெருங்கித் தொடங்குவதால் முன்சொன்ன கைப்பிடி வேலியின் தடை அங்கே நீங்கியது. ஆனால் ‘சில அறைகள்’ என்ற சொல்லை ஊன்றிப் படிக்க வேண்டும். ஒரு கப்பலில் இத்தகைய அறைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை என்பதால் அவை வெகு முன்னதாகவே நிரம்பிவிடுகின்றன.

  

கப்பலின் உட்புறம் இவ்வாறு சீர்பட்டபின்னும் கரையுடன் கப்பல் இணையும் இடம் இயற்கையின் ஆட்சிக்குள்ளேயே இருக்கிறது. கடல்மட்டம் நாளுக்கு இருமுறை உயர்ந்து தாழ்வதை ஓதம் என்பர். பெர்கன் பகுதியில் இவ்வேறுபாடு ஒரு மீட்டர் அளவிலேயே இருக்க, வடக்கே போடோ, கிர்க்கெனெஸ் பக்கங்களில் மூன்று மீட்டரை நெருங்கும். துறைமேடை அசையாது, கப்பல் ஓதத்தோடு உயர்ந்து தாழும். ஆகவே காலையில் சமதளமாகக் கிடந்த நடைபாலம் மாலையில் செங்குத்தான சரிவாகிவிடும். ஒரு மீட்டர் உயரத்தைச் சக்கர நாற்காலியில் பிறர் துணையின்றிக் கடக்கப் பன்னிரண்டு மீட்டர் நீளச் சரிவு வேண்டும் என்பது கட்டடக்கலையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அவ்வளவு நீளப் பாலத்தை ஒவ்வொரு சிறுதுறையிலும் எதிர்பார்க்க இயலாது. ஹுர்டிக்ரூட்டன் கப்பல்கள் பல துறைகளில் கால்மணி, அரைமணி நேரமே நிற்கின்றன. அவ்விடங்களில் பணியாளர் உதவியோடு இறங்கி ஏறவே அந்நேரம் போதாமற் போகலாம். ஓலெசுண்ட், ட்ரோண்ட்ஹைம், ட்ரோம்சோ, ஹோனிங்ஸ்வோக், கிர்க்கெனெஸ் போன்று பல மணிநேரம் நிற்கும் துறைகளே இறங்குவதற்குரியவை.

பெரிய உல்லாசக் கப்பல்களின் சிக்கல் வேறு வகையானது. துறைமேடை போதாத இடங்களில் அவை நடுநீரில் நங்கூரமிட்டு, தம் சிறுபடகுகளில் பயணிகளைக் கரைக்கு அனுப்புகின்றன. நூறாண்டுக்கு முந்தைய துடுப்புப் படகு, எந்திரம் பூட்டிய வடிவில் திரும்பிவந்ததற்கு ஒப்பானது இது. கப்பலும் படகும் தனித்தனியே ஆடும்போது இடையில் ஓரடி வைத்துத் தாண்ட வேண்டியிருப்பதால், கனமான மின்விசைச் சக்கர நாற்காலியைப் பெரும்பாலும் ஏற்றுவதில்லை. 2005-இல் உலக மரபுடைமைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கெய்ராங்கர் ஃபியோர்டு நெடுங்காலம் இத்தகைய துறையாகவே இருந்தது. 2013-இல் அங்கே கரையிலிருந்து கப்பலின் பக்கம்வரை நீண்டு மடங்கக்கூடிய, 200 மீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள மிதவைப் பாலம் அமைக்கப்பட்டது. அது நீரில் மிதப்பதால் ஓதத்தோடு தானும் உயர்ந்து தாழ்கிறது. பயணி அதன்மேல் சக்கர நாற்காலியிலேயே கரைசேரலாம். அப்பாலத்தில் ஒரு நேரத்தில் எல்லாக் கப்பல்களும் இடம் பெற முடியாது என்பதால், கெய்ராங்கர் செல்லும் கப்பல் என்று அறிந்தால் மட்டும் போதாது, அது குறிப்பிட்ட நாளில் பாலத்தில் அணைகிறதா நடுநீரில் நிற்கிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

சொக்னே ஃபியோர்டின் கிளையிலுள்ள ஃப்ளோம் இதற்கு மாறானது. அங்கே துறைமேடையும் இரயில் நிலையமும் அருகருகே உள்ளன. 1940-இல் திறக்கப்பட்டு 1944-இல் மின்மயமான மலை இரயில்பாதை, 20 கிலோமீட்டர் நீளத்தில், கடல்மட்டத்தை ஒட்டிய நிலையத்திலிருந்து 866 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. கப்பலைவிட்டு இறங்கியவர் சமதரையில் சற்றுத் தூரம் சென்று இரயிலில் அமர்ந்தால், நடந்து ஏறுபவர் ஒருநாள் முழுவதும் காணும் மலைக்காட்சியை ஒரு மணிநேரத்தில் காண்கிறார். பெர்கனிலும் 1918-இல் திறந்த கம்பிவட இரயில் நகரின் நடுவிலிருந்து 320 மீட்டர் உயரக் குன்றுக்கு ஏற்றிவிடுகிறது. அதே பெர்கனில் பழைய வணிகர்குடியிருப்பாகிய பிரிக்கனின் கல்பாவிய தெருவும், மரவீடுகளுக்கு இடையே செல்லும் ஏற்றத்தாழ்வான பலகைப் பாதைகளும் சக்கரங்களுக்கு இடர் தருபவை. அவற்றைச் சமப்படுத்துவது மரபுக் கட்டடத்தின் இயல்பைச் சிதைக்கும் என்பதால் அங்கே முழுத்தீர்வு எளிதன்று.

சட்டம் இவ்வரலாற்றுக்குள் மிகத் தாமதமாகவே நுழைந்தது. 1996-இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு முதியோர், உடற்குறையுடையோர் தேவைகளுக்கேற்பப் பயணிகள் கப்பல்களை வடிவமைப்பது பற்றிய பரிந்துரையை வெளியிட்டது. அது பரிந்துரை மட்டுமே. 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டுக் கடற்பகுதிக்கு வரும் அயல்நாட்டுக் கொடியுடைய உல்லாசக் கப்பல்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. முன்பு கூறிய வாசற்படிகளும் அத்தீர்ப்பில் பேசப்பட்டன. எனினும் பாதுகாப்புக்கும் பன்னாட்டு விதிகளுக்கும் முரணான மாற்றத்தைச் செய்யுமாறு கட்டாயப்படுத்த முடியாது என்ற வரம்பையும் நீதிமன்றம் வைத்தது. நார்வே 2008-இல் இயற்றி மறு ஆண்டு நடைமுறைப்படுத்திய சட்டம், எல்லோரும் பயன்படுத்தத்தக்க பொது வடிவமைப்பு என்னும் கோட்பாட்டைக் கடமையாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 எண்ணுள்ள ஒழுங்குவிதி 2012 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உடற்குறையைக் காரணங்காட்டிப் பயணச்சீட்டை மறுக்க முடியாது. துறைமுகத்திலும் கப்பலிலும் தரும் உதவிக்குக் கட்டணம் கேட்க முடியாது. நிறுவனத்தின் தவறால் சக்கர நாற்காலி சேதமுற்றால் அதன் மதிப்பையோ பழுதுச் செலவையோ ஈடுசெய்ய வேண்டும். ஹாம்பர்க்கிலோ கோபன்ஹேகனிலோ உல்லாசக் கப்பலில் ஏறுபவர்க்கு இவ்விதி நேராகப் பொருந்துகிறது.

இவ்வொழுங்குவிதியின் விதிவிலக்குகளையும் பயணி அறிந்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சட்டம் தடுத்தாலோ, கப்பல் அல்லது துறைமுகத்தின் கட்டமைப்பு இடந்தராவிட்டாலோ நிறுவனம் மறுக்கலாம். கட்டாயம் தேவையென்றால் துணையாள் ஒருவருடன் வருமாறு கேட்கலாம். சாதாரணப் பயணிகள் சேவையில் அத்துணையாளுக்குக் கட்டணம் இல்லை, உல்லாசப் பயணத்தில் அச்சலுகை இல்லை. உதவி வேண்டுவோர் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். அறை, மருத்துவக் கருவி பற்றிய தேவைகளை முன்பதிவின்போதே சொல்ல வேண்டும். சொல்லாமல் வந்தவரின் உரிமை நடைமுறையில் பாதியாகிவிடுகிறது.

முன்கூட்டி அறிவிப்பதன் அருமையை 2019 மார்ச் 23-ஆம் நாள் உலகம் கண்டது. ட்ரோம்சோவிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்த ‘வைக்கிங் ஸ்கை’ என்னும் உல்லாசக் கப்பல், 1,373 பேருடன், ஹூஸ்டட்விகாவின் திறந்த கடலில் புயலின் நடுவே எந்திர ஆற்றலை இழந்து பாறைகளை நோக்கி இழுபட்டது. பயணிகளில் பெரும்பாலோர் முதியவர்கள். அலையின் சீற்றத்தில் உயிர்காப்புப் படகுகளை இறக்க முடியாததால், 479 பேர் ஒருவர் ஒருவராக, சில வேளை இருவராக, ஹெலிகாப்டரின் கம்பிவடத்தில் கட்டித் தூக்கப்பட்டனர். எந்திரங்கள் மீண்டும் இயங்கியபின் கப்பல் மறுநாள் மோல்டே துறைமுகத்தை அடைந்தது. உயிரிழப்பு இல்லை என்பது பெரும் நற்பேறு. எனினும் மின்தூக்கிகள் இயங்காத, தளம் சாய்ந்தாடும் கப்பலில் கூடுமிடத்துக்கும் அங்கிருந்து மேல்தளத்துக்கும் நடக்க இயலாதவர் எவ்வாறு செல்வார் என்ற கேள்வி அன்று எழுந்து நின்றது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை, அவசரகாலத்தில் தனி உதவி வேண்டும் என்று அறிவித்த பயணிகளின் விவரம் புறப்படுமுன் கப்பல் தலைவரிடம் சேரவேண்டும் என்கிறது. நாணத்தாலோ, அனுமதி மறுக்கப்படுமோ என்ற அச்சத்தாலோ தம் நிலையைக் குறைத்துச் சொல்பவர் அப்பட்டியலில் இடம்பெறாமல் போகிறார். இது அவர் தமக்கே இழைத்துக்கொள்ளும் தீங்கு என்பதை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். அறையைத் தெரிந்தெடுக்கும்போது கூடுமிடம் உள்ள தளத்திலேயே கேட்பதும் இவ்வரலாறு கற்பிக்கும் எளிய முன்னெச்சரிக்கை.

2021 முதல் பெர்கன்–கிர்க்கெனெஸ் தடத்தின் அரசு ஒப்பந்தம் ஹுர்டிக்ரூட்டனுக்கும் ஹாவிலா என்னும் புதிய நிறுவனத்துக்கும் இடையே பங்கிடப்பட்டது. இருவகைக் கப்பல்களும் இன்றும் உள்ளூர்ப் பயணிகளையும் சரக்கையும் ஏற்றுகின்றன. 34 துறைகளைத் தொட்டு, பெர்கனில் புறப்பட்டுப் பெர்கனுக்கே திரும்பப் பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. பெரிய உல்லாசக் கப்பலில் அகன்ற நடைவழிகளும் மிகுதியான மின்தூக்கிகளும் உண்டு, ஆனால் நடுநீரில் நங்கூரமிடும் துறைகளும் உண்டு. கடலோர விரைவுக் கப்பல் அளவில் சிறியது, வசதிகளில் எளியது, ஆனால் தன் வழக்கமான துறைகளிலெல்லாம் மேடையில் அணைகிறது. அமர்ந்தபடியே காட்சி காண விழைபவர்க்குப் பின்னதே பொருத்தம் என்று கொள்ள இடமுண்டு. மே மாத நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை வடபகுதியில் சூரியன் மறைவதில்லை; கடலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் அம்மாதங்களே நிலைதடுமாறுவோர்க்கு ஏற்றவை. மேலும் இத்தடத்தின் கால அட்டவணை, வடக்கே செல்கையில் இரவில் கடக்கும் துறைகளைத் தெற்கே திரும்புகையில் பகலில் தொடுமாறு வகுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே துறைகளில் இறங்காமல் கப்பலிலிருந்தே கரையைக் காண்பவர், செலவைக் குறைக்க ஒருவழிப் பயணத்தை எடுப்பதைவிட, இயன்றால் போய்த் திரும்பும் முழுப் பயணத்தையும் எடுப்பதே நன்று.